இரும்பு குறைந்த நட்சத்திரங்கள்

ஆறு வருடமாக அவள் செய்துவந்த வேலையை அக்கா ஒரே வரியில் சொல்லிவிடுவாள்: "வானத்துல எதெது சுத்துதுன்னு எண்ணிக்கிட்டிருக்கா."

அது தப்பு என்றும் சொல்ல முடியாது. விண்வெளித் தொலைநோக்கி ஒன்று நான்கு வருடம் விடாமல் பார்த்துப் பதிந்த ஒளி அளவுகள் அவளுடைய கணினியில் இருந்தன. நட்சத்திரத்தின் முகத்தில் கரும்புள்ளி இருந்தால், அது நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் வெளிச்சம் துளி மங்கும். ஒரு மங்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை நாள் என்று பார்த்தால், அதுதான் சுழற்சிக் காலம். ஒன்பதாயிரம் நட்சத்திரங்களில் இரண்டாயிரத்துச் சொச்சம் இப்படிப் பிடிபட்டன. மற்றவற்றில் ஒன்றும் தெரியவில்லை. அவையெல்லாம் சுழற்சி தளர்ந்தவை என்று முடிவுகட்டிக் கட்டுரையும் எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. கட்டுரை போனால்தான் நீட்டிப்பு.

புதன்கிழமை மதியம் கீழ்த்தளத்து நிறமாலைக்காரர் படியேறி வந்தார். நட்சத்திர வெளிச்சத்தைப் பிரித்து, அதில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்வது அவர் வேலை. வருடம் பூராவும் மூக்கடைப்பு என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'ஜலதோஷம்' என்று பெயர். எட்டு மாதத்துக்கு முன் அவள் கேட்ட இரும்பு அளவுப் பட்டியலை ஒருவழியாக முடித்திருந்தார்.

"ரொம்பத் தாமதமாயிடுச்சு. கோவிச்சுக்காதீங்க. பின்னிணைப்புல சேத்துட்டா போதும்."

சேர்ப்பதற்கு முன் சும்மா ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தாள். அதுவே வினையாகிப் போயிற்று. சுழற்சி பிடிபட்டவை பெரும்பாலும் இரும்பு மிகுந்த பக்கம் குவிந்திருந்தன. பிடிபடாதவை இரும்பு குறைந்த பக்கம். ஒரே எடை, ஒரே வயதுள்ளவற்றை மட்டும் பிரித்துப் பார்த்தாள். அப்போதும் அதே கதைதான்.

"இரும்பு மாதிரி கனமான தனிமம் கூடினா வெளி அடுக்கு ஆழமா கொதிக்கும். காந்தம் பலமாகும், புள்ளி பெருசா வரும்," என்றாள், பாடம் ஒப்பிக்கிற குரலில். "கம்மியா இருந்தா மேலோட்டமான கொதிப்புதான். புள்ளியே தேறாது. இதெல்லாம் படிச்சதுதானே! இங்க வெச்சுப் பாக்கத் தோணலையே எனக்கு."

அவர் மூக்கை உறிஞ்சினார். "அப்ப அதுங்க தளரல."

"சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியல."

அவள் போய்ச் சொன்னதைத் துறைத்தலைவி பொறுமையாகத்தான் கேட்டார். "அடிக்குறிப்புல ஒரு எச்சரிக்கை போட்டு அனுப்பிடும்மா. எல்லாரும் பண்றதுதான்."

"கட்டுரைத் தலைப்பே அந்த முடிவுதான் மேடம். தலைப்புக்கு எப்படி அடிக்குறிப்பு போடறது?"

"நீட்டிப்பு என் கையில இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

கட்டுரையை அனுப்புவதில்லை என்று முடிவு செய்தாள். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. தப்பென்று தெரிந்த ஒன்றைக் ஒவ்வொரு கருத்தரங்கிலும் போய் நின்று காபந்து பண்ண அவளுக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் அக்கா, ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவிலிருந்து அப்போதுதான் வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, முகம் செத்துப்போயிருக்கு?"

"ஆறு வருஷம் போச்சுக்கா. கணக்கே தப்பு."

"எவன் கண்டுபிடிச்சான்?"

"நானேதான்."

"உன்ன யாருடி தோண்டச் சொன்னது?"

சிரிப்பு வந்தது இரண்டு பேருக்கும். பிறகு அவளுக்கு அழுகை வந்தது. அக்கா பக்கெட்டை நகர்த்தி இடம் விட்டாள். "நீயும் காலை விடு. நாளைக்கு லீவு போடு."

"லீவெல்லாம் தீந்துபோச்சு."

கட்டுரை போகாவிட்டாலும், தவறைச் சரிபார்க்கவென்று நீட்டிப்பு கிடைத்தது, ஆறே மாதம்தான். பெரிய தொலைநோக்கி ஒன்றில் நாற்பது நட்சத்திரங்களைப் பார்க்க அனுமதி வாங்கினாள். எல்லாம் இரும்பு குறைந்த, புள்ளியில்லாதவை. புள்ளி இல்லாவிட்டாலும், சுழல்கிற நட்சத்திரத்தின் நிறமாலைக் கோடுகள் கொஞ்சம் அகலும். அந்த அகலத்திலிருந்து வேகத்தைக் கணிக்கலாம். ஆனால் இரும்பு குறைவென்றால் இரும்புக் கோடுகளும் மெலிவு. ஜலதோஷமும் அவளும் வாரக்கணக்கில் ஒவ்வொரு கோடாகக் கண் எரிய எரிய அளந்தார்கள். நம்ப முடியாது என்று இருபத்து மூன்றைத் தள்ளினார்கள்.

மீந்த பதினேழும், அதே வயதுள்ள இரும்பு மிகுந்த நட்சத்திரங்களைவிட வேகமாகவே சுழன்றன. அவள் தளர்ந்தவை என்று எழுதியிருந்தாளே, அதே ரகம்.

"தலைகீழா எழுதியிருக்கோம்," என்றாள்.

"எழுதினது நீங்க. நான் பட்டியல்தான் குடுத்தேன்," என்றார் ஜலதோஷம். பிறகு, "டீ சொல்லட்டுமா?" என்றார்.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவளுக்குக் கழுத்துதான் வலித்தது. பழைய கட்டுரையில் பாதி நீளத்துக்குப் புதியதை எழுதி, பதினேழை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் முதல் பத்தியிலேயே எழுதி அனுப்பினாள்.

ஒப்பந்தம் முடிய ஒன்பது நாள் இருக்கையில் வேறொரு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. தங்களிடமும் சுழற்சி தெரியாத நட்சத்திரங்கள் நாலாயிரம் கிடக்கின்றன, இரண்டு வருடத்துக்கு வந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். இரண்டு முறை படித்தாள். பதிலை நாளைக்கு எழுதலாம் என்று கணினியை அணைத்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். வேலை முடிந்து வந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, எழுப்பாமல் கதவைச் சாத்தினாள்.