பார்க்கறதுக்கு மூணு வார்த்தை

பார்க்கறதுக்கு இங்லீஷ்ல மூணு வார்த்தையாம். சீ, லுக், வாட்ச். எனக்கு இருக்கறது ரெண்டே ரெண்டு கண்ணு. அதுக்கு எதுக்குடி மூணு வார்த்தைன்னு போன்ல மககிட்ட சண்டை போட்டேன்.

"தானா கண்ணுல பட்டா சீ. திரும்பிப் பார்த்தா லுக். நடக்கறதைக் கவனிச்சுக்கிட்டே இருந்தா வாட்ச். அவ்வளவுதாம்மா."

"அப்போ உன்னை போன்ல பார்க்கறேனே, அது எது?"

"அது பரீட்சையில வராதும்மா. அடுத்ததுக்கு வா" அப்படின்னா.

ஆறு வயசுல அவளை ஊர்ல எங்க அக்காகிட்ட விட்டுட்டு இந்த நாட்டுக்கு வந்தேன். ஆச்சு, பதினொரு வருஷம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை. பிள்ளையை இங்க கூட்டிக்கிட்டு வரணும்னா பெத்தவ இங்லீஷ் பரீட்சை பாஸ் பண்ணணுமாம். என்ன சட்டமோ, இழவு! அதுவும் பிள்ளைக்குப் பதினெட்டு முடியறதுக்குள்ள. ரெண்டு தடவை எழுதி ரெண்டு தடவையும் கோட்டை விட்டேன். அடுத்த மாசம் பதினாலாம் தேதி அவளுக்குப் பதினெட்டு. அதுக்கப்புறம் சட்டத்துக்கு அவ யாரோ, நான் யாரோ. அதுக்குள்ள இருந்தது இந்த ஒரே பரீட்சைதான்.

மூணு மாசமா அவதான் எனக்கு வாத்தியார். நான் அழுக்குத் துணி பிரிச்சுக்கிட்டே காதுல போனை மாட்டிக்குவேன். அவ கேள்வி கேட்பா. பேசறதுக்கு மட்டும் சே, டெல், ஸ்பீக், டாக்னு நாலு. "வாய் ஒண்ணுதானேடி!" பக்கத்து மேஜை நெட்டைக்காரி விழுந்து விழுந்து சிரிப்பா.

எங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. மருந்தா ரத்தமா எண்ணெயான்னு கறை பிடிபடலேன்னா, கையில வெச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. ஓரத்துக் கூடையில போட்டுட்டு அடுத்ததை எடுக்கணும். கடைசியில நிதானமா கூடையைப் பார்த்துக்கலாம். பதினொரு வருஷத்துல ஒரு துணியைக் கூட நான் தப்புத் தொட்டியில போட்டதில்லை. மேஸ்திரியே சொல்லுவார்.

முதல் ரெண்டு பரீட்சையும் பேப்பர். இந்தத் தடவை கம்ப்யூட்டர். ஆரம்பத்துல நாலு பக்கத்துக்கு என்னமோ விதிமுறை வந்துச்சு. படிச்சா நேரம் போயிடுமேன்னு அமுக்கி அமுக்கித் தள்ளிட்டேன். நாற்பது கேள்வி, இருபத்தெட்டு சரியா இருந்தா பாஸ்.

தெரிஞ்சதைப் போட்டேன். லேசா சந்தேகம் வந்தாலும் விட்டுட்டு அடுத்ததை அமுக்கினேன். பதறவே இல்லை. கடைசியில பார்த்துக்கலாம்னு அப்படி ஒரு நிம்மதி. விட்டதையும் விரல் விட்டு எண்ணிக்கிட்டேதான் வந்தேன். பதினஞ்சு.

நாற்பதாவதை அமுக்கினதும் திரை வெள்ளையாச்சு. முடிஞ்சதுன்னு எழுத்து வந்துச்சு.

கையைத் தூக்கினேன். காவலுக்கு இருந்த அம்மா வந்து பார்த்தாங்க.

"விட்டுட்டுப் போனா திரும்பி வராதும்மா. முதல் பக்கத்துலயே போட்டிருந்துச்சே."

"இன்னும் அரைமணி நேரம் இருக்குதே!"

"இருக்கு. ஆனா கேள்வி இல்லையே."

அங்கேயே மார்க்கும் வந்துச்சு. இருபத்தஞ்சு. போட்டது இருபத்தஞ்சும் சரி! கண்ணை மூடிக்கிட்டு மிச்சத்துல எதையாவது குத்திவிட்டிருந்தாலும் மூணு தேறியிருக்கும். மூணே மூணு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். மேஸ்திரியையும் அந்தக் கூடையையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் என்ன பண்ணுவார், பாவம்.

பஸ் நிறுத்தத்துல நிக்கறப்போ போன் அடிச்சது. எடுக்காம விட்டேன். மறுபடி அடிச்சது. எத்தனை நேரம்தான் பெத்த பிள்ளைக்கு ஒளிஞ்சுக்கறது?

நடந்ததைச் சொன்னேன். அவ திட்டுவான்னு பார்த்தேன். திட்டியிருந்தா தேவலை.

"போட்டதெல்லாம் சரியாம்மா?"

"எல்லாம் சரி."

"பரவால்லையே" அப்படின்னா.

நான் அழுதேன். பக்கத்துல நின்னவங்க தள்ளிப் போய் நின்னாங்க. அவ அழலை. மெதுவா கேட்டா.

"அம்மா, அப்போ பெட்டியில இருக்கற துணியை எடுத்து பீரோவுல வெச்சிடவா? வழியை அடைக்குதுன்னு பெரியம்மா சொல்லிக்கிட்டே இருக்காங்க."

பெட்டி கட்டி வெச்சிருக்கான்னே எனக்குத் தெரியாது. "எப்போடி கட்டினே?"

"நீ முதல் பரீட்சை எழுதினப்போ."

எடுத்து வெச்சிடுடின்னு சொன்னேன்.