கால் அறியாத சூடு

ரொட்டிக்காரனுக்கு மாமனார் மேல் பகை எதுவும் கிடையாது. அவர் வந்து தங்கியதிலிருந்து தூக்கம் கெட்டுப் போனது, அவ்வளவுதான். விடிவதற்கு முன்பே எழுந்து போய் அடுப்பைச் சூடேற்றுகிற வேலை அவனுக்கு. அதனால் ஊரே சாப்பிட உட்காருகிற நேரத்தில் அவன் படுத்துவிட வேண்டும். சரியாகக் கண் அசரும் சமயம் பார்த்து அடுத்த அறையிலிருந்து குரல் வரும்.

“மாப்பிள்ளை, குளிருதே.”

மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். காற்றிலும் மழையிலும் உயரத்தில் உட்கார்ந்தே காலம் தள்ளிய மனிதரை இந்த வீட்டுச் சின்ன அறையின் குளிர் படுத்தி எடுத்தது. மனைவி வேலை பார்ப்பது மூக்குக் கண்ணாடிக் கடையில். கடை மூடி அவள் வீடு திரும்புவதற்குள் இவன் எப்படியும் இரண்டு தடவை எழுந்துவிடுவான். அப்பாவுக்காக அவள்தான் மின்போர்வை ஒன்றை வாங்கி வந்தாள். மெத்தை மேல் விரித்து, அதன் மேல் விரிப்பைப் போட்டு, வயரின் நடுவில் இருக்கிற திருகியைத் திருப்பினால் போதும், படுக்கை கதகதவென்று ஆகிவிடும். விரித்துக் கொடுத்தது இவன். பெட்டியில் படம் போட்டிருந்ததைப் பார்த்தான். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை யார் படிப்பார்கள்?

முதல் நாளே மாமனார் குறை சொன்னார்.

“இதுல சூடு வர்றதாத் தெரியலையே மாப்பிள்ளை. முதுகுக்கு இதமா இருக்கு. காலுதான் ஐஸா இருக்கு.”

அவன் கையை வைத்துப் பார்த்தான். கால்மாட்டிலும் நல்ல சூடு. சொன்னான். மறுநாளும் சொன்னான். பொருளில்தான் கோளாறு என்று அவர் சாதிக்கவே, கழற்றிச் சுருட்டிக் கடைக்கே எடுத்துப் போய்ச் சோதிக்கச் சொல்லி வாங்கி வந்தான். ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். திரும்பி வந்து விரித்த அன்றும் அதே குரல்.

“மாப்பிள்ளை, குளிருதே.”

அன்று ரொட்டிக்கடை அடுப்பறையில் ஆள் குறைவு. இரண்டு பேர் வேலையை ஒருவனாகச் செய்துவிட்டு இடுப்பொடிந்து வந்து படுத்திருந்தான். எழுந்து போனவன் திருகியைக் கடைசி எண் வரைக்கும் திருப்பினான். அலமாரியில் இருந்த கனத்த கம்பளியை எடுத்து நாலாக மடித்து அவர் கால் மேல் போட்டு, ஓரங்களை மெத்தைக்கடியில் செருகினான். வெளியே வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

“நல்லா வேகட்டும்.”

பிறகு அடுத்த அறையிலிருந்து சத்தமே இல்லை. அவனும் கட்டையாகக் கிடந்து தூங்கினான்.

மறுநாள் வேலை முடியும் நேரத்தில் மனைவி போனில் கூப்பிட்டாள். அப்பாவின் காலுறையில் ஈரம் கசிகிறதே என்று கழற்றப் போயிருக்கிறாள். உறையோடு தோலும் வந்திருக்கிறது. குதிகால் முழுக்கக் கொப்புளம். மருத்துவமனைக்கு அவன் மாவு படிந்த சட்டையோடு ஓடினான்.

நடந்ததைக் கேட்டபடி கட்டுப் போட்ட நர்ஸ் மூவரையும் ஒரு பார்வை பார்த்தாள். “ஐயாவுக்கு எத்தனை வருஷமா சர்க்கரை? பாதத்துல உணர்ச்சியே இல்ல. சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. இவரு மாதிரி ஆளுங்க படுத்திருக்கும்போது அந்தப் போர்வைய ஓட விடவே கூடாது. படுக்கறதுக்கு முன்னாடி சூடு பண்ணிட்டு, படுக்கும்போது அணைச்சு, பிளக்கையும் உருவிடணும். அதுக்கு மேல கம்பளிய மடிச்சு வேற போட்டிருக்கீங்க. சூடு எங்க போகும்? உள்ளயே தங்கும். யாரு இவ்வளவு ஏத்தி வெச்சது?”

ரொட்டிக்காரன் வாயைத் திறந்தான். அதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

“நான்தாம்மா. குளிர் தாங்கல. கை சும்மா இருக்குமா?”

இல்லை என்று சொல்ல அந்த இடம், அந்த நிமிஷம் போதும். சொல்லவில்லை. நர்ஸ் அடுத்த நோயாளியிடம் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகும் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். “டன் கணக்குல சரக்கு தூக்கின ஆளு நீங்க. ஒரு திருகிய எவ்வளவு திருப்பணும்னு தெரியாதா? காலையே எடுக்கணும்னு சொல்லியிருந்தா என்னப்பா பண்ணுவீங்க?” கிழவர் தலையைக் குனிந்து உணவை அளைந்துகொண்டிருப்பார். ரொட்டிக்காரன் கல்லுப் பிள்ளையார் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான்.

வேலையிலும் அது விடவில்லை. பெரிய தீயில் வைத்தால் மேலே கருகும், உள்ளே மாவாகவே இருக்கும்; அளவான சூட்டில் நெடுநேரம் வைத்தால்தான் நடுப்பகுதி வரை வேகும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவன் சொல்லித் தருகிற முதல் பாடமே அதுதான். அடுப்புக் கதவைத் திறக்கும் போதெல்லாம் அந்தக் குதிகால் கண்ணில் வந்து நின்றது.

ஒரு விடுமுறை நாள். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பற்றி மறுபடி எடுத்தாள். அவன் பொறுக்க மாட்டாமல் சொன்னான்.

“அவர் திருப்பல. நான்தான் திருப்பினேன். கம்பளி போட்டதும் நான்தான். கோவத்துல பண்ணேன்.”

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை.

“கோவம் யாருக்கும் வரும். கால்ல உணர்ச்சி இல்லன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா இத்தனை நாளா நான் அவரைத் திட்டும்போது பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்களே. அது எப்படிங்க முடிஞ்சது?”

துணியை அப்படியே போட்டுவிட்டு அவள் அப்பாவின் அறைக்குப் போனாள். அவள் அழுகிற சத்தம் கேட்டது. அவர் ஏதோ தேற்றுகிற சத்தமும் கேட்டது. அவள் வெளியே வந்தபின் இவன் போய் வாசலில் நின்றான்.

“எதுக்கு மாமா நீங்க பண்ணதாச் சொன்னீங்க? மறந்துட்டீங்களா?”

“காலுக்குத்தான் உணர்ச்சி இல்ல மாப்பிள்ளை. காது நல்லாவே கேக்குது.”

அன்று இதே வாசலில் பல்லைக் கடித்துச் சொன்ன வார்த்தை ரொட்டிக்காரனுக்கு நினைவு வந்தது.

“உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால சண்டை வந்தா, நான் எந்த வீட்டுல போய் இருப்பேன்?” என்றார் மாமனார். குரலில் கோபம் இல்லை. மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவும் அதில் எதுவும் இல்லை.

மனைவி சில நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். அவனும் அவளைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. அதற்குத் தனக்கு வாய் இல்லை என்று இருந்தான். மாமனாரின் படுக்கையை முன்கூட்டியே சூடாக்கி, அவர் வந்து படுக்கும் முன் பிளக்கை உருவி எடுத்தான். கட்டு மாற்றுகிற வேலையையும் அவனே ஏற்றுக்கொண்டான். வேலை முடிந்து வந்ததும் கையைக் கழுவி, தரையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைப்பான். புண் ஓரங்களில் மூடத் தொடங்கியிருந்தது. நடுவில் இன்னும் சிவப்பு.

ஒருநாள் ஒட்டிக்கொண்ட பஞ்சை மெல்லப் பிரித்தபடி கேட்டான்.

“வலிக்குதா மாமா?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடி. “நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

அவன் விளக்கை இன்னும் கிட்டே இழுத்துக் குனிந்து பார்த்தான்.