ராஜசிங், 1981 –

“எங்கப்பா படத்துல முடிஞ்ச வருஷத்த மட்டும் போடாதீக டீச்சர். மத்தவுகளுக்குப் போட்ட மாதிரி பொறந்த வருஷம், ஒரு கோடு, அம்புட்டுதான். அப்புறம் காலியா விட்டுருங்க.”

ஸ்வீட்டி கேட்டது இவ்வளவுதான். நான் சரி என்றேன்.

அவள் ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய அப்பா ராஜசிங் போன மே மாதம் பட்டாசு ஆலையின் மருந்து கலக்கும் அறையில் இறந்துபோனவர். நான் ரீனா, ஆனைக்குட்டம் பக்கத்தில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதனால்தானோ என்னவோ, எதைப் பார்த்தாலும் உடனே பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று கை பரபரக்கும்.

அப்படிக் கண்ணில் பட்டதுதான் அமெரிக்காவில் இருக்கும் அந்தச் சின்ன அருங்காட்சியகம். மெக்சிகோ, பெரு, கியூபா என்று பல நாடுகளிலிருந்து போய்க் குடியேறிய லத்தீனோ மக்களுக்கானது. எந்தப் பள்ளிக்கூடமும் அச்சடித்து மாட்டிக்கொள்ளலாம் என்று படப் பலகைகளை இணையத்தில் போட்டிருந்தார்கள். தக்காளி பறித்த கூலிக்காரர்களின் மகள் ராக்கெட் பொறியாளர் ஆகியிருந்தாள். ஹோட்டலில் பாத்திரம் கழுவியவர் நீதிபதி. ஒவ்வொரு பலகையிலும் முகம், பெயர், பிறந்த வருஷம், செய்த சாதனை. சுற்றிலும் ஆரஞ்சு நிறக் கேந்திப் பூ பார்டர். இறந்தவர்களை வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு அழைக்கும் நாளில் வழியெல்லாம் தூவுகிற பூவாம் அது. அவர்களுக்கு அது கொண்டாட்டம்.

அதில் ஒரு பலகை மெக்சிகோவில் பட்டாசு செய்கிற குடும்பத்தைப் பற்றியது. உடம்பெல்லாம் வெடி கட்டிய காகிதக் காளை, பக்கத்தில் அதைச் செய்தவர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். அதைக் காட்டியதும் வகுப்பே எழுந்து முன்னால் வந்துவிட்டது.

“பட்டாசு செய்யுறவுகளக்கூட போட்டோ எடுத்து மாட்டுவாகளா டீச்சர்?”

“நம்மளையும் போடுவாகல்ல, வெடிச்சா பேப்பர்ல.”

“எங்கம்மா மூஞ்சிய மத்தாப்பு டப்பாவுல போட்டா ஒருத்தனும் வாங்க மாட்டான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது முடிவு செய்துவிட்டேன். மெக்சிகோ பலகைகளுக்குப் பக்கத்தில் நம் ஊர்க்காரர்களும் அதே அளவில், அதே மரியாதையோடு இருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு போட்டோ கொண்டுவரச் சொன்னேன்.

ஒரு போட்டோவில்கூட யாரும் பட்டாசோடு இல்லை. ஆலைக்குள் செல்போனை விட மாட்டார்கள், பிறகு எப்படி இருக்கும். ஆதாருக்கு எடுத்த முகங்கள் வந்தன. கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் பாதி குனிந்த முகங்கள் வந்தன. ஸ்வீட்டி கொண்டுவந்ததில் ராஜசிங் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா செஞ்ச வெடின்னா எனக்குத் தெரியும் டீச்சர். பச்சையா விரியும். எல்லாம் அணைஞ்ச பெறகு நடுவுல ஒரு வெள்ளப் புள்ளி மட்டும் நிக்கும். வேற யாருக்கும் அது நிக்காது.”

அதையே அவர் பெயருக்குக் கீழே சாதனையாக எழுதினேன்.

அச்சுக்கு நிஜாமிடம் கொடுத்தேன். கல்லூரியில் எனக்கு சீனியர், சிவகாசியில் சின்ன பிரஸ் வைத்திருக்கிறான். தீபாவளி சீசன், லேபிள் ஆர்டர் மலையாய்க் குவிந்திருந்தது. அவன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பவேயில்லை.

“இந்தப் பூ பார்டரா வேணும்? எங்கிட்டயே இருக்கு. ஆனா நான் இத வேற வேலைக்குல்ல போடுவேன்.”

“அது மெக்சிகோ ஸ்டைல் நிஜாம். நீ போடு.”

“சரிங்க மெக்சிகோக்காரம்மா. அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

அவன் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வராந்தா முழுக்க மாட்டினோம். ராஜசிங் நடுவில். வலது பக்கம் அவருடைய மனைவி பாக்கியவதி. அவரும் ஆலைக்குப் போகிறவர்தான். சுற்றிலும் மற்ற பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள். ஸ்வீட்டி தூரமாய்ப் போய் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னாள், “அப்பாவும் இவுகளோட வேலைக்குப் போன மாதிரியே இருக்கு டீச்சர்.”

சாயங்காலம் ஆலை வேன் பள்ளிக்கூட வாசலில் நின்றது. கையிலும் முகத்திலும் வெள்ளி நிறப் பொடி அப்பியிருக்க, பெற்றோர்கள் இறங்கி வந்தார்கள். நான் போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். முகம் மலர்வதைப் படம் எடுக்கக் காத்திருந்தேன்.

அருணாதேவி அக்காதான் முதலில் வந்தார். தன் படத்தைப் பார்த்தார். பக்கத்துப் படங்களைப் பார்த்தார். திரும்பவும் தன் படத்துக்கே வந்தார்.

“டீச்சர், நான் செத்துப்போனேனா?”

கோபமே இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே கேட்பது போலக் கேட்டார்.

“இல்லக்கா, இது அந்த ஊரு...”

“பூவும் போட்டு, பேரும் போட்டு, பொறந்த வருஷமும் போட்டா, எங்க தெருமுக்குல எதுக்கு ஒட்டுவாக டீச்சர்?”

பின்னாலிருந்து பாண்டிராஜ் அண்ணன், “மறைவுக்கு எடம் விட்டுருக்காக மதினி, பாத்தீகளா. நாள் தெரிஞ்சதும் எழுதிக்கிருவாக,” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

அப்போதுதான் நானும் பார்த்தேன். வராந்தா முழுக்கக் கண்ணீர் அஞ்சலி. அன்று காலையிலிருந்து அங்கே இருந்தது அதுதான். எனக்கு மட்டும் மெக்சிகோ தெரிந்திருக்கிறது.

யாரும் சத்தம் போடவில்லை. ஒவ்வொருவராக வந்து தங்கள் படத்தைக் கழற்றிக்கொண்டார்கள். அருணாதேவி அக்கா தன்னுடையதைக் கிழிக்கப் போய், முகத்தின் மேல் கை வந்ததும் நிறுத்திவிட்டார். சுருட்டிச் சேலைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசியாக பாக்கியவதி. ராஜசிங் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அதைத் தொடவில்லை. தன் படத்தின் ஆணியில் கை வைத்தார்.

“எம்மா, ஒன்னோடதையாவது விடும்மா,” என்றாள் ஸ்வீட்டி.

“நாளைக்கு நான் வேலைக்குப் போகணும்ல தாயி.”

பாக்கியவதி தன் படத்தைக் கழற்றிக்கொண்டு வேனில் ஏறினார்.

வேன் போய்விட்டது. ஒரு பக்கம் லத்தீனோ பலகைகள், ராக்கெட், நீதிபதி, காகிதக் காளை. இந்தப் பக்கம் வெறும் ஆணிகள். நடுவில் பூவுக்குள் ராஜசிங், 1981, ஒரு கோடு, காலியிடம். கூட ஆட்கள் இருந்தவரை அந்தக் காலியிடம் வேறு மாதிரி இருந்தது.

“எங்கப்பாவையும் எறக்கிருங்க டீச்சர்,” என்றாள் ஸ்வீட்டி. “இப்பப் பாத்தா செத்தவரு மாதிரியே இருக்காரு.”

இறக்கினேன். அதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. என் மேஜைக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்க நிற்கிறது.

இப்படி மாட்டப்போகிறோம் என்று அந்த அருங்காட்சியகத்துக்கு நான் முன்பே எழுதியிருந்தேன். நேற்று அங்கிருந்து மரிசோல் என்கிற பெண் மெயில் அனுப்பியிருக்கிறார். எங்கள் சுவரைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா, அங்கே பார்க்க வரும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்கிறார். இன்னும் பதில் போடவில்லை. வேன் வந்து நிற்கும் இடத்திலேயே, கைப்பொடியைக் கழுவாமல், எல்லோரையும் சேர்த்து நிற்க வைத்து ஒரே ஒரு படம் எடுக்கலாம் என்று மனசுக்குள் ஓடுகிறது. பூ வேண்டாம், வருஷம் வேண்டாம். பெயர் மட்டும். பாக்கியவதி பக்கத்தில், நட்சத்திரம் கட்டுகிற அந்தப் படத்தை ஸ்வீட்டி கையில் பிடித்துக்கொண்டு நின்றால் ராஜசிங்கும் அவர்களோடு இருப்பார் இல்லையா? ஆனால் முதலில் நான் போய் அருணாதேவி அக்கா முன்னால் நின்று கேட்க வேண்டும். கேட்கட்டுமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், வருவார்களா?