உள்ளே சிவந்த மரம்

காலையில் கண் விழித்ததும் கமாலுதீன் கேட்பது ஒன்றைத்தான். "என் கிதார் எங்க?"

கட்டிலுக்கு எதிரே சாத்தி வைத்த சிவப்புக் கிதாரை மனைவி சுல்ஃபத் காட்டுவாள்.

"இது என்னுது இல்ல. யாரோ மாத்திட்டான். என்னுது உள்ள வெளுத்த மரம், ஜப்பான்ல வெளையற சென் மரம்."

மறதி நோய் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும்கூட அவளுக்குப் பழகிவிட்டன. இந்தக் கேள்விதான் ஆளை அரித்தது. கொச்சியில் எத்தனையோ கல்யாணங்களில் அவர் வாசித்த பழைய ஜப்பான் எலெக்ட்ரிக் கிதார் அது. உங்களுடையதுதான் என்று சொல்லிச் சொல்லி அவள் நாக்கு ஓய்ந்துவிட்டது.

அன்று பக்கத்து வீட்டு உமைராவை அவருக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு, கிதாரைத் தூக்கிக்கொண்டு பஜார் ரோட்டுக்கு நடந்தாள். மிளகுக் கிடங்குக்கு மேலே மாடியறையில் ஆஸிம் கிதார் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். முன்பு கமாலுதீனோடு மேடையேறி வாசித்தவன்.

"இது சென் மரம்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடு ஆஸிமே. நீ சொன்னா அவர் நம்புவார்."

"உக்காருங்க இத்தா. சாயா குடிக்கறீங்களா?"

"ஒண்ணும் வேணாம். பாத்துச் சொல்லு."

அவன் தந்திகளைத் தளர்த்திக் கிதாரைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்துத் திருகுகளைக் கழற்றினான். கழுத்துத் தனியாகக் கையோடு வந்தது. அது பொருந்தியிருந்த பள்ளத்தில் பெயின்ட் படாத மரம் கொஞ்சம் தெரிந்தது. தூசியைத் துடைத்து, ஈரத் துணியால் ஒற்றி, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அடுக்கடுக்கா ஒட்டின பலகை இல்ல. முழு மரம்தான்."

"அப்ப சென்தானே?"

ஆஸிம் விளக்கை அவள் பக்கம் திருப்பினான். "சென்னுன்னா வெளுப்பா இருக்கும். மரத்தோட பொடித்துளையெல்லாம் வரிவரியா சேந்து ஓடும். இங்க பாருங்க, சிவப்பு. துளையும் அங்கங்க செதறிக் கெடக்கு. இது லவான் மரம். இதுலயும் ஜப்பான்காரங்க நெறையக் கிதார் பண்ணியிருக்காங்க. ஆனா கமாலுதீன் இக்கா சொல்ற மரம் இல்ல."

சுல்ஃபத் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு ஞாபகம் தப்பியிருக்கலாமே?"

"இருக்கலாம். இது எப்பவாவது வெளிய போச்சா?"

போயிருந்தது. பல வருடங்களுக்கு முன்பு, வைப்பின் தீவிலிருந்து வந்து கூடவே வாசித்த ஒரு கூட்டாளி, கல்யாண சீசனுக்கு இரவல் வாங்கிப் போனான். அப்போது அது மஞ்சள் நிறம். திரும்பக் கொண்டு வந்தபோது சிவப்பு. பெயின்ட் உரிந்து போயிற்று, புதிதாக அடித்தேன் என்றான். கமாலுதீன் அதை மடியில் வைத்து மீட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் மாறின மாதிரி இருக்கே" என்றார். கூட்டாளியின் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவன் துபாய்க்குப் போய் அங்கேயே மௌத்தாகிவிட்டான். இனி யாரிடம் கேட்பது?

ஆஸிம் அவள் முகத்தைப் பார்த்தபடி சொன்னான். "வேணும்னா நான் வந்து சென்னுன்னே சொல்லிடறேன் இத்தா. உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கெடைக்கட்டும்."

சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவ்வளவு அலுப்பு. ஆனால், யாருமே நம்பாத ஒன்றைக் காலைதோறும் சொல்லிக்கொண்டிருந்த மனுஷனின் முகம் கண்ணெதிரே நின்றது.

"வேணாம். நானே சொல்லிக்கறேன். நீ கழுத்தைப் பூட்டிக் கொடு."

வீட்டுக்கு வந்தபோது உமைரா சோறு ஊட்டி முடித்திருந்தாள். சுல்ஃபத் கிதாரைக் கட்டில்மேல் வைத்தாள்.

"நீங்க சொன்னது சரிதான். இதோட மரம் வேற. இது உங்களுது இல்ல."

அவர் சத்தம் போடுவார், அழுவார் என்று எண்ணியிருந்தாள். அவரோ நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"நான் சொல்லல?"

"சொன்னீங்க."

"அப்ப இது யாருது?"

"தெரியலைங்க."

சிவந்த விளிம்பைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். "பாவம். அவனும் இதைத் தேடிட்டிருப்பான்."

சுல்ஃபத் கட்டில் காலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"அவன் வர்ற வரைக்கும் நான் வாசிச்சா கோவிச்சுக்க மாட்டான்ல?"

"மாட்டான். வாசிங்க."

விரல்கள் தடுமாறின. சுருதி சேரவில்லை. ஒரு மெட்டைப் பாதியில் விட்டார், மறுபடி தொடங்கினார். முதல் முறை தப்பியதை மட்டும்தான் அவள் கேட்டாள். இரண்டாவது முறை தப்புவதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப் போயிருந்தாள்.