குறி சுடாத கண்டுகள்

என்ன பிள்ளைகள், எல்லாரும் சுகமா இரிக்கிறீங்களா? இந்த மழைக்கு காய்ச்சல் தடிமன் ஒண்டும் இல்லையே? எனக்கு முழங்கால்தான் சரியில்ல, அத விடுங்க. இண்டைக்கு என்ட தம்பி நல்லரத்தினத்தப் பத்திச் சொல்லத்தான் குந்தின நான்.

அவன் சித்தாண்டியில மாட்டுப்பட்டி வச்சிரிக்கான். இஞ்ச வட்டைக்க வேளாண்மை விதைக்கத் தொடங்கினா மாடு நிக்க ஏலா. எல்லாத்தையும் மேற்கால மேய்ச்சல் தரைக்குச் சாய்ச்சுக்கொண்டு போகணும். எங்கட அப்பா காலத்தில இருந்து அப்பிடித்தான். இப்ப அந்தத் தரையில சோளன் செய்யச் சொல்லி அரசாங்கம் வேற ஆக்களுக்குக் குடுத்திட்டு. மாட்ட அங்க கொண்டு போ எண்டு ஒரு அரசாங்கக் கந்தோர் சொல்லுது, அங்க விடாத எண்டு இன்னொரு கந்தோர் சொல்லுது.

போன வருசம் தம்பிட மாடு சோளனுக்க பூந்திட்டு. தொடையில கிடந்த சுட்ட குறியப் பார்த்துத்தான் ஆரட மாடெண்டு பிடிச்சாங்க. கோட்டில வழக்கு, தண்டம் எண்டு அலைஞ்சு திரிஞ்சான். அதால இந்த முற பிறந்த கண்டு ஒண்டுக்கும் குறி சுடல்ல.

"இனி ஆரட மாடெண்டு ஒருத்தருக்கும் தெரியா அக்கா" எண்டான்.

"கோட்டுக்குப் போய் நல்லாத்தான் படிச்சு வந்திரிக்காய்" எண்டு நானும் சிரிச்ச நான்.

மறுகா நடந்ததக் கேளுங்க. கண்டுகள் சோளன் பக்கம் போக, அங்க உள்ளவங்க வளைச்சு அடைச்சுப் போட்டாங்க. ஆருக்கும் உரித்தில்லாத மாடெண்டு கந்தோரில ஏலத்துக்கும் எழுதியாச்சு. தம்பியும் அவன்ட பொஞ்சாதி புஸ்பமும் அங்க இரிந்த ஒபிசரிட்ட ஓடிப் போயிரிக்காங்க.

"ஐயா, என்ட கண்டுதான். பிழை என்னிலதான், எவ்வளவு தண்டமெண்டாலும் கட்டுறன்" எண்டிரிக்கான் தம்பி.

"குறி எங்க?"

"சுடல்ல ஐயா."

"அப்ப உன்ட மாடெண்டு ஆர் சொல்லுறது? கண்டு சொல்லுமா?" ஒபிசர் பக்கத்தில நிண்டவரப் பார்த்துச் சிரிச்சாராம்.

புஸ்பம் விடல்ல. "தாய்மாட்டக் கொண்டாறன், மடியில விட்டுப் பாருங்க" எண்டிரிக்காள்.

"சட்டத்தில மடி இல்ல, குறிதான் இரிக்கு."

தண்டம் கட்ட வந்தவனக் கட்டவும் விடல்ல.

ஏலத்தில எடுத்தவங்க லொறியில ஏத்தக்குள்ள புஸ்பம் கண்டுகளக் கூப்பிடப் போனாளாம். தம்பி அவள்ட வாயப் பொத்திட்டான். சத்தம் கேட்டா அதுகள் பாஞ்சு விழுந்து கால முறிச்சுக்குமெண்டு பயம்.

எங்கட நாட்டுமாடு கண்டு முட்டினாத்தான் பால் விடும். இப்ப தாய்மாடெல்லாம் மடி கல்லாகி நிண்டு கத்துது. தயிருக்கு வாற யாவாரியும் சும்மா திரும்பிப் போறார். இந்தக் கிழமை முழுப்பட்டியையும் விலைக்குக் குடுக்கப் போறானாம். நான் போன் எடுத்து, "கொஞ்சம் பொறுத்துப் பாரன்டா" எண்டன்.

"எங்க வச்சுக்கொண்டு பொறுக்கிற அக்கா?" எண்டான்.

நீங்க பட்டி வச்சிரிந்தா, உங்கட மாடு இப்ப எங்க நிக்குது, என்ன செய்யிறீங்க எண்டு எனக்கு எழுதுங்க பிள்ளைகள்.