ஒரு மூடி மவுத்வாஷ்

குடியை விட்டவனுக்கு வாய் சீக்கிரம் சுத்தமாகிவிடும். கூட இருக்கிறவளுக்கு மூக்கு சுத்தமாகத்தான் ரொம்ப நாள் ஆகும். தையல்காரியின் மூக்கு இன்னும் வேலையில்தான் இருந்தது. புருஷன் பஸ் டிரைவர். சிகிச்சை முடிந்து வந்து, மறுபடியும் ஸ்டியரிங் பிடித்து மாதக்கணக்காகிறது. ஆனாலும் தினம் காலையில் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் கழுத்தோரமாக ஒரு தடவை மோந்து பார்ப்பாள். அவனுக்கும் அது தெரியும். ஊசி போடக் கையை நீட்டின பிள்ளை மாதிரி ஆடாமல் நிற்பான்.

மோந்து முடித்ததும் ஒரு மூடி மவுத்வாஷ். "கொப்பளிச்சிட்டுப் போங்க."

அது குடி நாட்களில் ஆரம்பித்த பழக்கம். டிப்போ வாசலில் டிரைவர்களை மோந்து பார்த்து உள்ளே விட ஒரு வாட்ச்மேன் இருந்தான். அவன் மூக்கை ஏமாற்ற அந்தப் பச்சை நிறத் தண்ணீர் போதும். வீட்டுக்கும் டிப்போவுக்கும் நடுவே இரண்டே தெரு, போய்ச் சேருகிற வரைக்கும் அதன் வாசனை நிற்கும். குடி போயிற்று, மூடி போகவில்லை. "இப்போ எதுக்குடி இது?" என்று ஒருநாள் கேட்டான். "இருந்துட்டுப் போகட்டுமே, நல்லதுதானே" என்றாள். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை.

அவளுக்கு டிப்போவில் 'காய்ச்சலக்கா' என்று பெயர். அவன் எழுந்திருக்க முடியாமல் கிடந்த காலைகளில் போன் போட்டு, "அவருக்குக் காய்ச்சல் சார்" என்று அத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். எழுந்து நிற்கிற அளவுக்குத் தெளிவு இருந்துவிட்டாலோ, முகத்தைக் கழுவிவிட்டு, மூடியைக் கையில் கொடுத்து, வேலைக்குத் தள்ளிவிடுவாள். வேலையும் போய்விட்டால் மனுஷன் ஒரேயடியாகக் கவிழ்ந்துவிடுவான் என்ற பயம். சிகிச்சை நிலையத்து டாக்டரம்மா, "அவருக்காகப் பொய் சொல்றதை முதல்ல நிறுத்துங்கம்மா" என்று சொன்னபோது நன்றாகத் தலையாட்டினாள். ஆட்டின தலைக்குள் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவன் ஓட்டுகிற பஸ், அவள் துணி தைக்கிற கடை வாசலிலேயே நிற்கும். அவளோ அந்தக் காலத்திலிருந்தே பின்தெருவுக்கு நடந்துபோய், வேறு பஸ் பிடித்து, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேருவாள். ஏன் என்று கேட்டால், "அவர் வண்டியில ஏறினா என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்துட்டு ஓட்டுவாரு, எதுக்கு வம்பு" என்பாள். கடையில் இருக்கிறவர்கள் கேலி செய்வார்கள். அதைக் கேட்டு அவனும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்திருக்கிறான்.

அன்றைக்குக் காலையில் அவன் கொஞ்சம் உற்சாகமாக இருந்தான். "இன்னையிலேர்ந்து வாசல்ல ஊதுற மெஷின் வைக்கிறாங்க. இனிமே எவனும் என்னை மோந்து பார்க்க வேண்டாம். மெஷினே சொல்லும்." யாரைக் குத்துகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் என்ன, மெஷின் என்றதும் அவள் கை பாட்டிலைத் தேடியது. ஒருவேளை குடித்திருந்தால்? வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றி வாசல்படி வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போனான்.

அவள் கடைக்குக் கிளம்பி வீட்டைப் பூட்டும் முன்பே போன் அடித்தது. டிப்போ சூப்பர்வைசர்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர்..."

"காய்ச்சல் சார்!"

"காய்ச்சலா? என் எதிர்லதான் உட்கார்ந்திருக்காரு."

அட பாவி நாக்கே! அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இல்ல சார், ராத்திரி லேசா காய்ச்சல், அதுக்கு மருந்து குடிச்சாரு" என்று இன்னொரு பொய்யையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டார். "மெஷின்ல சிவப்பு எரியுதும்மா. அவர் ஒண்ணுமே குடிக்கலைன்னு சத்தியம் பண்றாரு. நீங்க மருந்துன்றீங்க. இனிமே நான் என்ன பண்றது? மேல எழுதிட வேண்டியதுதான்."

போனை வைத்தாள். குடித்துவிட்டான். எப்போது? எங்கே? அவன் பாட்டில் ஒளித்துவைக்கிற பழைய இடங்கள் எல்லாவற்றையும் குடைந்தாள். ஷூவுக்குள் கைவிட்டாள், கட்டிலுக்கடியில் படுத்துப் பார்த்தாள், கழிவறைத் தொட்டியின் மூடியைத் திறந்தாள். எங்கேயும் ஒன்றுமில்லை. கடைசியில் முகம் கழுவுகிற இடத்தில் கையை ஊன்றி நின்றபோது மவுத்வாஷ் பாட்டில் கண்ணில் பட்டது. ஊசியில் நூல் கோக்கிற கண் அவளுக்கு. பொடி எழுத்தில் ஆல்கஹால் என்று போட்டிருந்ததைப் படித்தாள். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் படிக்கிறாள்.

பாட்டிலோடு டிப்போவுக்கு ஓடினாள். செருப்பு ஒன்று மாறியிருந்ததுகூடத் தெரியவில்லை. அவன் அங்கே இருப்பானா? இல்லை, செய்யாத குற்றத்துக்குப் பேர் வாங்கியாச்சு, செய்துவிட்டே வாங்குவோம் என்று சாராயக் கடைக்கு நடந்திருப்பானா? இரண்டு தெருவும் நீண்டுகொண்டே போயின.

இருந்தான். சூப்பர்வைசர் அறையில், பெஞ்சு ஓரத்தில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு.

"சார், தப்பு என்னோடது. காய்ச்சலும் பொய், மருந்தும் பொய். இதைப் பாருங்க" என்றவள், சொல்லிக்கொண்டே பாட்டிலைத் திறந்து வாயில் கவிழ்த்தாள். கொப்பளித்து, ஜன்னலுக்கு வெளியே துப்பி, மேஜை மேலிருந்த மெஷினில் மூச்சு முட்ட ஊதினாள். சிவப்பு பளீரென்று எரிந்தது.

"ஜென்மத்துல நான் தொட்டதில்ல சார்! இப்போ அவரை ஊதச் சொல்லுங்க. வாயில ஒட்டினது இந்நேரம் போயிருக்கும்."

சூப்பர்வைசர் நல்ல மனுஷன். புதுக் குழாய் மாட்டிக் கொடுத்தார். அவன் ஊதினான். பச்சை. அப்பாடா! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி," என்றார் சூப்பர்வைசர், "வேலைக்கு வர்றவருக்கு எதுக்கும்மா தினமும் இதைக் குடுக்குறீங்க?"

"பல்லு சார். சொத்தைப் பல்லு" என்றாள். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது.

"பல்லு இல்ல சார்." அவன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "முன்னாடி குடிச்சிட்டு வருவேன். வாசனை தெரியாம இருக்கக் குடுப்பா. அந்தப் பழக்கம்."

"ஐயோ, என்னங்க..." பச்சை எரிந்த பிறகு இது தேவையா! அவனைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

சூப்பர்வைசர் மெஷினை ஓரமாகத் தள்ளி வைத்தார். அப்புறம் அவனை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக் கேட்டார். "அப்படி வந்த நாள்ல, அந்த வண்டியில நீங்க ஏறியிருக்கீங்களாம்மா?"

சொல்ல எத்தனையோ பொய் இருந்தது. ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"இல்ல" என்றாள்.

"ஒரு தடவைகூட?"

"ஏறினதில்ல சார். என் தங்கச்சியையும் ஏற விட்டதில்ல."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்னுதானே..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. வாசல் ஸ்டாப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவன் ஓட்ட வேண்டிய வண்டி வேறொரு டிரைவரோடு புறப்பட்டது. பள்ளிக்கூடப் பை மாட்டின பிள்ளைகள், கூடை வைத்த பெண்கள், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிற ஒரு பெரியவர். அவள் அவர்களை இப்போதுதான் பார்த்தாள். அந்த நாட்களில் ஏறினவர்களும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

"ஸ்டியரிங் இப்போதைக்கு வேண்டாம்" என்றார் சூப்பர்வைசர். "மேல விசாரிப்பாங்க. என்ன சொல்வாங்கன்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் ஷெட்ல வண்டி கழுவட்டும்."

வெளியே வந்ததும், "நான் வேணா சார்கிட்ட தனியா ஒரு வார்த்தை..." என்றாள்.

"வேண்டாம்."

"வேலை போயிடுங்க."

"போகலாம்."

ஷெட்டுக்குப் போகிற வழியில் நின்றான். காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அவள் கை தானாக எழுந்தது. அவன் வழக்கம்போல ஆடாமல் நின்றான். அந்த நிற்பைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டாள். காலரை அவனே சரிசெய்துகொண்டான்.

"சாயந்தரம் நேரா வீட்டுக்குத்தானே வருவீங்க?"

"வரணும்னுதான் இருக்கேன்" என்றான். "நீ இங்க வந்து வாசல்ல நிக்காத."