பீரோவில் பத்திரமாக இருந்த பாஸ்

வீட்டில் அவள் பெயர் குட்டி. பஸ்ஸில் அவள் பெயர் கொக்கு. பதின்மூன்று வயது இன்னும் முடியவில்லை, அதற்குள் வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். யாரைக் கொண்டு பிறந்தாளோ என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். செத்துப்போன அப்பனைக் கொண்டுதான், வேறு யாரைக் கொண்டு? அந்த மனுஷன் ஒட்டடை அடிக்க ஸ்டூல் தேடாத ஆள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் காசு கிடையாது, பதினாறு வயது வரைக்கும். அதற்குப் படமும் பிறந்த தேதியும் போட்டு ஒரு பாஸ் கொடுப்பார்கள். மற்றப் பிள்ளைகளிடம் எவனும் அதைக் கேட்பதில்லை. பால் வடிகிற முகத்தைப் பார்த்தாலே போதுமே! குட்டி ஏறினால் மட்டும், "எங்க, பாஸை எடு" என்று கை நீளும்.

போன வருஷம் அந்தப் பாஸை அவள் தொலைத்துவிட்டாள். புதுசு வாங்குவதற்குள் அம்மாவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இந்த ஜன்னலுக்குப் போனால் அந்த ஜன்னலுக்குப் போ என்பார்கள், அங்கே போனால் ஆள் சாப்பிடப் போயிருப்பான். அவளோ ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்க்கிறவள். லீவு கேட்டாலே மேற்பார்வையாளர் முகம் ஏழு கோணலாகும்.

புதுப் பாஸ் கைக்கு வந்ததும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? துணி சுற்றி, பீரோவில் அடித்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டாள். கலரில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அதைக் குட்டியின் பையில் வைத்தாள்.

"நிஜப் பாஸ் வீட்ல இருக்குன்னு வெளிய மூச்சு விட்ட, தொலைச்சிடுவேன். எவளாவது அவ பொண்ணுக்குத் தூக்கிட்டுப் போயிடுவா."

"சரிம்மா, சரிம்மா."

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் உலகத்தில் உண்டா! அவள் அப்படித்தான் நினைத்தாள், பாவி மகள்.

பழைய கண்டக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிடுவார். அவர் வேறு தடத்துக்கு மாறிப்போனார். புதிதாக வந்தவன் கண்கொத்திப் பாம்பு. முதல் நாளே அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இது ஜெராக்ஸு. ஒரிஜினல் எங்க?"

குட்டி முழித்தாள். அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. "தொலைஞ்சு போச்சு சார்" என்றாள்.

"படம் கூடச் சரியா தெரியல. தங்கச்சி பாஸைக் காப்பி அடிச்சு எடுத்துட்டு வந்தியா? உன்னைப் பார்த்தா பள்ளிக்கூடப் பொண்ணு மாதிரியா இருக்கு?"

பின்சீட்டுப் பையன்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "சார், கொக்குக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்க சார்!" பஸ் முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் பெரியவர்களும் இருந்தார்கள், அதைத்தான் குட்டியால் தாங்க முடியவில்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஓங்கி வீசினாள். எவன் மேலும் படவில்லை. ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. நடுரோட்டில் இறக்கிவிட்டார்கள்.

பஸ்ஸில் ஒழுங்கீனம், போலிப் பாஸ் என்று இரண்டு குற்றம் எழுதி, டிப்போ ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடையாது, இந்தப் பள்ளிக்கூடத்துக்கோ இரண்டு பஸ் மாற வேண்டும். தினம் டிக்கெட் எடுக்கக் கட்டுப்படியாகாது. பாஸ் போனால் படிப்பு போச்சு. ஆனாலும் அம்மாவுக்கு உள்ளூர ஒரு தைரியம் இருந்தது. நிஜப் பாஸ்தான் பீரோவில் தூங்குகிறதே! அதைக் காட்டினால் அதிகாரி வாயடைத்துப் போக மாட்டாரா?

துணியைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். "பாருங்க சார். ஒரு கீறல் இல்ல. என் பொண்ணு பொய்ப் பாஸ் வச்சிருக்கிறவ இல்ல."

அதிகாரி கெட்டவர் இல்லை. களைத்துப்போன மனிதர். பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொலைஞ்சு போச்சுன்னு பொண்ணு சொல்லியிருக்கா. இங்க புத்தம் புதுசா இருக்கு. அப்ப இத்தனை நாளா இதுல யாரும்மா போயிட்டிருந்தது?"

"யாரும் போகல சார்! பீரோல இருந்துச்சு!"

"பாஸை யாராவது பீரோல வைப்பாங்களா? படத்தை எவன் உத்துப் பார்க்கிறான்? ஒரு பாஸுக்கு ரெண்டு பேர் போறதுக்குத்தான் இந்த ஜெராக்ஸ் வேலையே. தினம் பார்க்கிறேன் நான்."

எதைக் காப்பாற்ற வைத்தாளோ, அதுவே பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு மேஜைமேல் பளபளவென்று கிடந்தது. "தப்பு என்னுது சார். நான்தான் சொல்லாதேன்னு சொன்னேன். அவ குழந்தை சார்."

அதிகாரி தலையை நிமிர்த்தி, தன்னைவிட ஒரு சாண் உயரமாக நின்ற குட்டியைப் பார்த்தார். "குழந்தை..." என்றார். கண்ணாடியை உடைத்ததற்கும் சேர்த்து, பள்ளி வருஷம் முடியும்வரை பாஸ் கிடையாது என்று எழுதி, பாஸை மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

வெளியே வந்ததும் அம்மா பொரிந்து தள்ளினாள். "அம்மா வீட்ல வச்சிருக்கான்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"நீதானே சொல்லாதன்ன."

அம்மாவுக்குத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கொஞ்ச நாள் குட்டி நடந்து போனாள். விடிவதற்கு முன் கிளம்பியும், போய்ச் சேர்வதற்குள் பள்ளிக்கூட கேட்டைச் சாத்திவிடுவார்கள். வெளியே நின்றுவிட்டு அதே வழியில் திரும்பி வருவாள். காலில் கொப்புளம். மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஒரு காலை பையைத் தொடவே இல்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். எழுப்ப அம்மாவுக்கு மனசு வரவில்லை.

வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகவும் பயம். கடைசியில் சலவைக்கூடத்துக்குக் கூடவே அழைத்துப் போனாள். நீராவிப் புழுக்கத்துக்கு நடுவே மேற்பார்வையாளர் குட்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆள் வாட்டசாட்டமா இருக்காளே. மேல் தட்டுல விரிப்பு அடுக்க இப்படி ஒரு ஆளைத்தான் தேடிட்டிருக்கேன். என்ன வயசு?"

பதின்மூன்று என்று சொல்லிச் சொல்லித் தழும்பேறிய வாய் அது. எத்தனை கண்டக்டரிடம், எத்தனை ஜன்னலில்!

"பதினெட்டுங்க" என்றாள் அம்மா.

குட்டி திரும்பி அவளைப் பார்த்தாள். அம்மா பார்க்கவில்லை. ஏதாவது காகிதம் கேட்டுத் தொலைக்க மாட்டாரா இந்த மனுஷன் என்று அவள் ஏங்கினாள். கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடலாம்.

"வயசுக்கு ஏதாவது ஆதாரம்..." என்று அவளே இழுத்தாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா? பார்த்தாலே தெரியுதே" என்றார் அவர். "இன்னைக்கே நிக்கட்டும்."